தனி வாழ்வும் அடைக்கலமும்

(சங்க ஆண்டு விழாவின் மாதர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

காலை முதல் நம் குழந்தைகளின் ஆடலும் பாடலும் கண்டு களித்தோம். இத்தகைய நன்னாளில் மணவிலக்கைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு "பெண்டிர் பாதுகாப்பு" என்பது. அஃது ஒரு கடல். அதில் ஒரு துறையில் மட்டும் இறங்க எண்ணி, மணவிலக்குப் பெற்றுத் தனியே வாழும் சகோதரியின் பாதுகாப்பு என்று சுருக்கிக்கொண்டேன். அத்தகையோர் நம்மிடையே இருக்கிறார்கள். பாத்திமா நகரிலும் சாளுங்கே விகாரிலும் நம் அடுத்த கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். இந்தப் பந்தலில்தான் அவர்களைக் காணவில்லை. ஏன் காணவில்லை என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

தமிழ்ப் பெண்ணொருத்திக்குச் சொந்த ஊரில் மணவாழ்வு முறிவதும் இந்த வானவடியில் முறிவதும் ஒன்றல்ல. மகாத்ஜி சிந்தியா 1794ஆம் ஆண்டில் உயிர் நீத்த இடம் இது. அவர் நினைவாக எழுந்த சத்திரியைப் பார்க்கும்பொழுதெல்லாம், போர் வீரரும் அலுவலரும் ஊர் ஊராக வந்து தங்கிச் செல்லும் பூமி இது என்ற எண்ணமே எனக்குத் தோன்றும். நம்மவர் பலரும் அவ்வாறே வந்தார்கள். தென்மண்டலப் படைத் தலைமையகமும், இராணுவ மருத்துவக் கல்லூரியும், தொழிற்சாலைகளும், பின்னாளில் கணிப்பொறி நிறுவனங்களும் அழைத்தன, ஆடவர் வந்தனர், அவர் கைப்பிடித்துப் பெண்டிர் வந்தனர். இந்த ஊரில் அப்பெண்ணுக்கு வாய்த்த வீடு கணவன் பெயரில். நண்பர்கள் கணவனின் நண்பர்கள். கைபேசி இணைப்பு கணவன் பெயரில். சமையல் எரிவாயு கணவன் பெயரில். நம் சங்கத்து உறுப்பினர் பட்டியலிலும் அவர் பெயருக்குக் கீழே "குடும்பத்தினர்" என்ற ஒரு சொல்லாகத்தான் அவள் இருக்கிறாள். மணம் முறிந்த அன்று இவை யாவும் ஒரு நாளில் கழன்றுபோகின்றன. அண்ணன் வீடு ஆயிரம் கல் தொலைவில். குழந்தையின் பள்ளியும் தன் வேலையும் இங்கே. ஆகவே அவள் இங்கேயே இருக்கிறாள், தனியாக.

இனி, அவள் முதலில் கற்றுக்கொள்வது என்ன தெரியுமா? பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறாள். வாடகைக்கு வீடு கேட்கப் போனால், "கணவர் என்ன செய்கிறார்?" என்பது முதல் வினா. "துபாயில் இருக்கிறார்" என்கிறாள். சில வேளை கப்பலில் இருக்கிறார். சில வேளை எல்லையில் இருக்கிறார். வீடு கிடைத்துவிடுகிறது. அந்தப் பொய்யை அவள்மேல் குற்றமாக நான் சுமத்தமாட்டேன். உண்மையைச் சொன்ன மற்றொருத்திக்கு நாம் கதவைச் சாத்தியதைக் கண்டுதானே இவள் பொய் சொல்லக் கற்றாள்? ஆனால் அப்பொய் அவளை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்று பாருங்கள். ஓர் இரவு முன்னாள் கணவர் வந்து கதவைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காவற்காரர், "துபாயிலிருந்து ஐயா வந்துவிட்டார்" என்று மகிழ்ந்து உள்ளே விடுவார். உள்ளே கூச்சல் எழுந்தால், "கணவன் மனைவி சண்டை, நமக்கென்ன" என்று அடுத்த வீட்டார் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொள்வார்கள். மறைவுதான் பாதுகாப்பு என்று அவள் நம்பினாள். அந்த மறைவே அவளைக் காப்பாரற்றவள் ஆக்கிவிட்டது.

நான் சொல்ல வந்தது இதுதான். பூட்டு வேண்டும், தாழ் வேண்டும், சட்டமும் வேண்டும். ஆனால் தனித்து வாழும் பெண்ணின் முதற் காவல், அவள் நிலையை உள்ளபடி அறிந்து அவள் பக்கம் நிற்கும் நான்கு பேர். அந்த நால்வரை அவள் தேடிக்கொள்ள வேண்டும். அந்த நால்வராக இருக்க நாம் இசைய வேண்டும்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்த மராட்டிய நாட்டிலேயே ருக்மாபாய் என்ற பெண்மணி இருந்தார். 1864இல் பிறந்தவர். பதினோராம் வயதில் மணம். கணவர் தாதாஜி பிகாஜியோடு வாழ அவர் மறுக்கவே, 1884இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் கணவர் வழக்குத் தொடுத்தார். முதலில் நீதிபதி பின்ஹி பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டுக்குப் பின் வழக்கு மீண்டும் வந்தபோது, 1887இல் நீதிபதி ஃபாரன், கணவரோடு போய் வாழ்க, இல்லையேல் ஆறு மாதம் சிறை என்றார். சிறைக்கே போகிறேன் என்றார் அந்த இளம்பெண். புனாவின் பத்திரிகைகள் அவரைக் கடிந்து எழுதின. சட்டமும் ஊரும் ஒருசேர எதிராக நின்ற வேளையில் அவர் எப்படித் தப்பினார்? தாய் இருந்தார். பாட்டனார் இருந்தார். மாற்றுத் தந்தையாகிய மருத்துவர் சகாராம் அர்ஜுன் உயிரோடிருந்தவரை துணை நின்றார். வழக்குச் செலவுக்கென ஒரு குழுவே கூடிற்று. 1888இல் கணவருக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வழக்குத் தீர்ந்தது. அவர் லண்டன் சென்று மருத்துவம் பயின்று, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் நெடுங்காலம் மருத்துவராகத் தொண்டாற்றி, 1955இல் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். இந்து திருமணச் சட்டம் பிறந்த அதே ஆண்டு அது. மணவிலக்கு உரிமை நாடு முழுவதும் இந்துப் பெண்களுக்குச் சட்டமாகி வந்ததைக் கண்ணால் கண்ட பின்னரே அந்தக் கண்கள் மூடின. (பம்பாய் மாகாணத்தில் 1947லும் சென்னை மாகாணத்தில் 1949லும் தனிச் சட்டங்கள் முன்னரே வந்துவிட்டன என்பதை இங்குள்ள வழக்கறிஞர் நண்பர்கள் நினைவூட்டுவார்கள்.)

நம் தமிழிலும் இதற்கு ஓர் அரிய சொல் உண்டு: அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அது பெயர். மதுரைக்கு வெளியே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குல முதுமகளிடம் ஒப்படைக்கிறார். மாதரி என்ன செய்தாள் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. தன் வீட்டுத் திண்ணையில் ஓர் ஓரத்தைக் காட்டி, "இங்கே முடங்கிக்கொள்" என்று அவள் சொல்லவில்லை. காவல் உடைய தனியான சிறுமனை ஒன்றைக் கொடுத்தாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு விட்டாள். தனி மனையும் வேண்டும், கூப்பிடு தூரத்தில் துணையும் வேண்டும் என்று அந்த மோர் விற்கும் மூதாட்டிக்குத் தெரிந்திருந்தது. நம்மிலோ, ஆதரிப்பவர் சிலர் அளவுக்கு மீறி ஆதரித்து, "எங்கள் வீட்டிலேயே இரு, எங்கே போகிறாய், யாரோடு பேசுகிறாய்" என்று மற்றொரு மாமியார் ஆகிவிடுகிறார்கள். ஏனையோர் எட்டிப் பார்ப்பதே இல்லை.

சரி, செயலுக்கு வருவோம். தனியே குடிபுகும் சகோதரிகளுக்கு, பலரிடம் கேட்டும் பழகியும் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

பிரிந்த பின் வரும் முதல் சில மாதங்களே அபாயம் மிகுந்தவை என்பது பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்ட உண்மை. மணவிலக்குப் பெற்ற ஆடவர் யாவரும் கொடியர் என்று நான் கூறவில்லை. பெரும்பாலோர் தம் துயரோடு ஒதுங்கிப் போகிறவர்களே. அவர்களிலும் தனிமையில் வாடுவோர் உளர். ஆனால் முன்பு கை ஓங்கியவர், வேவு பார்த்தவர், "நீ எப்படி வாழ்ந்துவிடுகிறாய் பார்க்கிறேன்" என்று சொல்லிச் சென்றவர், இவர்களை இலேசாக எண்ணலாகாது.

முதல் நாளிலேயே பூட்டை மாற்றுக. வாடகை வீடாயினும் உரிமையாளரிடம் சொல்லி மாற்றுக. முன் குடியிருந்தவர் கையில் எத்தனை சாவிகள் உள்ளனவோ யாருக்குத் தெரியும். அடுத்து, கண்ணுக்குத் தெரியாத சாவிகள். கணவன் மனைவியாக இருந்த காலத்தில் ஒருவர் கைபேசியின் கடவுச்சொல் மற்றவருக்குத் தெரிந்திருக்கும். இருப்பிடத்தைப் பகிரும் வசதி திறந்தே கிடக்கும். மின்னஞ்சலும் புகைப்படங்களும் பொதுவான கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும். கைபேசி இணைப்பு அவர் பெயரில் இருந்தால் தம் பெயரில் புதியது பெற்று, வங்கியிலும் ஆதாரிலும் அந்த எண்ணைப் பதிவு செய்வது முதல் வேலை. இவ்வளவையும் மாற்றிவிட்டு, குழந்தையின் கையில் உள்ள பழைய கைபேசியை மறந்துவிடுவோர் உண்டு. அதன் வழியே வீட்டின் ஒவ்வோர் அசைவும் போய்க்கொண்டிருக்கும். குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துச் செல்ல யார் யாருக்கு அனுமதி என்பதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நீதிமன்ற ஆணை இருந்தால் அதன் நகலையும் இணைக்க வேண்டும். தந்தை குழந்தையைக் காணும் நாட்களில் கைமாற்றம் வீட்டு வாசலில் நடவாமல், ஆள் நடமாட்டம் உள்ள பொது இடத்தில் நடப்பது நன்று.

தனி வாழ்வின் அபாயமெல்லாம் மனிதரால் வருவதும் அன்று. குளியலறையில் வழுக்கி விழுந்தால் யார் அறிவார்? நள்ளிரவில் காய்ச்சல் ஏறினால் யார் தண்ணீர் கொடுப்பார்? இதற்கு நம் புனாவிலேயே ஓர் எளிய வழி இருக்கிறது. இங்கே இரவில் கதவின் வெளிப்புறம் ஒரு துணிப்பையைத் தொங்கவிடுகிறோம். விடியற்காலையில் பால்காரர் அதில் பாலைப் போட்டுச் செல்கிறார். "எட்டு மணிக்கு மேல் என் கதவில் பால் பை தொங்கினால் தட்டிப் பாருங்கள்" என்று எதிர் வீட்டு அம்மாளிடம் சொல்லி வையுங்கள். இதற்குச் செலவில்லை, எந்திரமும் வேண்டாம். தட்டியும் திறக்கவில்லையென்றால் உள்ளே வர அந்த அம்மாளிடம் ஒரு மாற்றுச் சாவி இருக்கட்டும். தொட்டியின் அடியிலும் மிதியடியின் கீழும் சாவியை ஒளிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். அந்த இடம் திருடனுக்கும் தெரியும்.

மராட்டி கற்றுக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் காய்கறிக்காரரிடம் பேசும் அளவோடு நின்றுவிட்டவர்கள் நம்மில் உண்டு. அண்டை அயலாரோடு பேசக் கணவரின் மராட்டியே போதும் என்றிருந்தோம். ஆபத்தில் "காப்பாற்றுங்கள்" என்று தமிழில் அலறினால் கேட்பவருக்குப் புரியாது. "வாச்வா" என்றால் தெருவே ஓடிவரும். காவல் நிலையத்தில் முறையீடு எழுதும்போதும், தாம் சொன்னதும் எழுதப்பட்டதும் ஒன்றுதானா என்று படித்தறியும் அளவுக்கு அம்மொழி தெரிந்திருப்பது பெரும் பலம்.

வீட்டு ஒப்பந்தம் பற்றி ஒரு சொல். கணவர் கையொப்பமிட்டால்தான் ஒப்பந்தம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, அதன் 55ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. பதிவு செய்யாமல் விட்டால், நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் கூறுவதே, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, செல்லும். "பதினொரு மாதம்தானே, வாய்ச்சொல் போதும்" என்று யாரேனும் சொன்னால் இணங்க வேண்டாம். திடீரென்று வெளியே போ என்று சொல்லப்படும் அபாயம் தனித்த பெண்ணுக்கே மிகுதி.

சட்டம் வேறு என்ன தருகிறது? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், ஒரே வீட்டில் எக்காலத்திலேனும் சேர்ந்து வாழ்ந்தவரிடமிருந்து நேர்ந்த கொடுமைக்கும் பரிகாரம் தருகிறது. மணவிலக்கு ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்தால், மணவாழ்வின்போது நேர்ந்த கொடுமைக்கான பரிகாரம் அற்றுப்போவதில்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நெருங்கலாகாது என்ற பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. விருப்பமில்லை என்று தெரிவித்த பின்னும் ஒரு பெண்ணைத் தொடர்ந்து பின்செல்வதும், இணையத்தில் அவள் நடமாட்டத்தைக் கண்காணிப்பதும் 2013 முதல் தனிக்குற்றம்; இப்போது பாரதிய நியாய சன்ஹிதையின் 78ஆம் பிரிவில் இருக்கிறது. எந்தக் காவல் நிலையத்தில் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லையில் இல்லை" என்று திருப்பி அனுப்ப இடமில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பெண் என்ற ஒரு தகுதிக்கே, வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. அவசரத்துக்கு 112 என்ற எண். பெண்களுக்கான உதவிக்கு 181. இவற்றைக் கைபேசியில் மட்டுமன்றி, குழந்தைக்குத் தெரியும்படி சமையலறைச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

ஜீவனாம்சம் கேட்பது இழிவு என்று சில மானமுள்ள பெண்கள் விட்டுவிடுகிறார்கள். வாடகை கொடுக்க முடியாதவள் காவலற்ற தெருவுக்குத்தான் குடிபோக நேரும். பணமும் ஒரு பாதுகாப்பே. மறுமணம் செய்யாத வரை, மணவிலக்குப் பெற்ற மனைவிக்கும் அவ்வுரிமை உண்டு.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். இதை நம்மவர் பலர் அறியார். பிரிந்து வாழ்வது வேறு, மணவிலக்குப் பெறுவது வேறு. ஊருக்குப் பயந்து, தீர்ப்பு வாங்காமல் பத்தாண்டு, பதினைந்தாண்டு பிரிந்தே வாழ்கிறவர்கள் உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் பெண்ணின் சொந்தச் சம்பாத்தியம், பிள்ளைகளோடு சேர்த்துக் கணவனுக்கே முதலில் போகும். அவர்கள் இல்லையேல் கணவனின் வாரிசுகளுக்கு. அதற்கும் பின்னரே பெற்ற தாய் தந்தையருக்கு. நாராயணி தேவி என்பவரின் வழக்கு 2009இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. மணமாகி மூன்று மாதத்துக்குள் கணவர் இறந்தார். புகுந்த வீட்டார் அவரைத் துரத்தினர். பிறந்த வீட்டில் இருந்து படித்தார், வேலை பார்த்தார், சேமித்தார். 1996இல் உயில் எழுதாமல் இறந்தார். அவர் தேடிய பொருள் முழுவதும், அவரைத் துரத்திய அந்தக் குடும்பத்துக் கணவரின் சகோதரி மக்களுக்கே உரியது என்று தீர்ப்பாயிற்று. அனுதாபம் வேறு, சட்டம் வேறு என்பதே நீதிமன்றத்தின் நிலை. ஆகவே உயில் எழுதுங்கள். ஒரு தாளும் இரண்டு சாட்சிகளும் போதும். வங்கி, சேமநல நிதி, காப்பீடு ஆகியவற்றில் பழைய நியமனதாரர் பெயர் அப்படியே கிடக்கிறதா என்றும் பாருங்கள். மணவிலக்குத் தீர்ப்பு வந்துவிட்டால் அது தானே மாறிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இதுவரை அச்சகோதரிக்குச் சொன்னேன். இனி நமக்கு.

இந்த அவையில் வீட்டு உரிமையாளர்கள் இருக்கிறீர்கள். குடியிருப்புச் சங்கத்துக் குழுவில் உள்ளவர்கள் இருக்கிறீர்கள். வீடு கேட்டு வரும் பெண்ணிடம் வேலைச் சான்றும் அடையாளச் சான்றும் கேளுங்கள். காவல் நிலையச் சரிபார்ப்பும் செய்யுங்கள். அவை எல்லோரிடமும் கேட்கப்படுபவை. "கணவர் எங்கே" என்ற வினாவை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த ஒரு வினா இல்லையென்றால் துபாய்க் கதையும் இல்லை. அவள் வீட்டுக்கு யார் வந்தார், எப்போது போனார் என்று படிக்கட்டில் நின்று கணக்கெடுப்பது காவல் அன்று. அவள் அஞ்சுகின்ற ஒருவரின் புகைப்படத்தை அவளே வந்து வாயிற் காவலரிடம் கொடுத்து, "இவரை மேலே விடாதீர்கள்" என்று சொல்லும் துணிவு அவளுக்கு வரும்படி நடந்துகொள்வதே காவல்.

அப்படி அவள் வந்து சொன்ன பிறகு, "அவரும் நம் ஊர்க்காரர்தான், நல்ல மனிதர்தான், நான் பேசிப் பார்க்கிறேன்" என்று நடுவர் வேடம் பூணும் பெரியவர்கள் நம்மில் உண்டு. நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். சமரசம் பேசப்போய் அவள் புது விலாசத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள்! விலாசத்தை, வேலை செய்யும் இடத்தை, குழந்தையின் பள்ளியை, அவள் அனுமதியின்றி எவரிடமும், அவள் தமையனிடமும்கூட, சொல்லாதீர்கள். நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் விழாப் படங்களைப் போடும் முன்னும் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம் விழாவில் அவர்களைக் காணவில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். அழைப்பிதழ் குடும்பத் தலைவர் பெயருக்குப் போகிறது. மணம் முறிந்ததும் சந்தாவும் அழைப்பிதழும் அவரோடு போய்விடுகின்றன, அவளுக்கு வருவதில்லை. நாமாக அவளை விலக்கவில்லை. நம் பதிவேடு விலக்கிவிட்டது. பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் நாலு பேர் வீட்டுக்கு வந்து போனால், நாலு பேர் தன்னைத் தேடுவார்கள் என்ற தெம்பு அவளுக்கு இருக்கும். அவளைத் தேடுவார் உண்டு என்பது மற்றவருக்கும் தெரியும். கொலுவுக்கு அழைத்துவிட்டு, குங்குமத்தை அவளுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கி நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கொடுங்கள், அம்மா.

ஆகவே ஒரு வேண்டுகோளை எழுத்தில் கொண்டு வந்திருக்கிறேன். உறுப்பினர் பட்டியலில் பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொரு பெண்ணின் பெயரும் தனிப்பெயராக, அவள் சொந்தக் கைபேசி எண்ணோடு பதிவாக வேண்டும். சந்தா குடும்பத்துக்கு ஒன்றே ஆயினும் உறுப்புரிமை அவளுக்குத் தனியாக நிற்க வேண்டும். வானவடியிலும் சுற்றுப்புறத்திலும் தனியே வாழும் சகோதரிகள் விரும்பினால் இரவில் அழைக்கக்கூடிய மூன்று வீடுகளின் எண்களை மாதர் பிரிவு தொகுத்துக் கொடுக்க வேண்டும். அந்த மூன்றில் முதல் எண்ணாக என் வீட்டு எண்ணை எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். மற்ற இரண்டு இடங்கள் காலியாக உள்ளன. தாள் செயலாளர் அவர்களின் மேசைமேல் இருக்கிறது. உணவுக்குச் செல்லும் வழியில் அந்த மேசையைக் கடந்துதான் போக வேண்டும்.